ஆழாக்கும் அரைக்காலும்: வீட்டு வேலையோடு பாடம் சொல்லிக்கொடுத்தவர்கள் சொல்லுங்கள்

பாளைக்காரி (சனி, இரவு)

எல்லோருக்கும் வணக்கம். என் மகன் ஐந்தாம் வகுப்பு. பின்னத்தில்தான் சிக்கல். 1/4, 1/8 இரண்டில் எது பெரிது என்று கேட்டால் 1/8 என்பான். நாலைவிட எட்டு பெரியதுதானே என்று காரணமும் சொல்வான். வட்டம் வரைந்து, வண்ணம் அடித்து, நானும் அவன் அப்பாவும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தோம். படம் முன்னால் இருந்தால் சரியாகச் சொல்வான். படத்தை எடுத்துவிட்டால் பழையபடி எட்டுதான் பெரிது.

போன வாரம் என் மாமியார் ஊரிலிருந்து வந்தார்கள். வரும்போது பரணில் கிடந்த பித்தளைப் படி, உழக்கு, ஆழாக்கு மூன்றையும் துலக்கி எடுத்து வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை உளுந்தஞ்சோறு வைக்க, "ரெண்டு உழக்கு அரிசி, ஒரு உழக்கு உளுந்து எடுத்துட்டு வாய்யா" என்று பேரனிடம் சொன்னார்கள். உழக்கில் வெந்தயம் ஊறிக்கொண்டிருந்தது. "அப்போ ஆழாக்குல அள்ளு. ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு" என்றார்கள். அவன் அரிசிக்கு நாலு, உளுந்துக்கு இரண்டு என்று தானே கணக்குப் போட்டு அள்ளிக்கொண்டு வந்தான். சாப்பாடு முடிந்ததும் படியை நடுவில் வைத்து அள்ளி அள்ளி ஊற்றிப் பார்த்தான். நாலு உழக்கில் படி நிறைந்தது. எட்டு ஆழாக்கில் நிறைந்தது. "அப்போ ஆழாக்குதான் 1/8. அது சின்னதுல்லா!" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது இரண்டு கேள்விகள். உங்கள் வீட்டில் எந்த வேலையில் எந்தப் பாடம் இப்படிப் பிடிபட்டது? அப்புறம், கையால் புரிந்தது பரீட்சைத் தாளில் வருமா?

சேரன்மாதேவி டீச்சர் (ஞாயிறு, காலை)

உங்கள் மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் அம்மா. நான் தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உங்கள் மகன் சொன்ன தவறு வருஷா வருஷம் ஒவ்வொரு வகுப்பிலும் வரும். முழு எண்ணில் பெரியது எதுவோ அதுதான் எங்கும் பெரியது என்று பிள்ளை நினைக்கிறது. அதன் கணக்கில் நியாயம் இருக்கிறது, திட்டக் கூடாது.

அவனிடம் இன்னொன்று சொல்லுங்கள். தமிழில் பின்னத்தின் பெயருக்குள்ளேயே கணக்கு உட்கார்ந்திருக்கிறது. கால் என்றால் 1/4. அரைக்கால் என்றால் காலில் பாதி, 1/8. அரை × கால் = அரைக்கால். பின்னப் பெருக்கலைக் கரும்பலகையில் எழுதினால் முழிக்கிற பிள்ளைகூட இந்தச் சொல்லைப் பிரித்துக் காட்டினால் பிடித்துக்கொள்ளும். மாகாணி என்றால் 1/16. அது மாவும் காணியும் சேர்ந்த பெயர். மா 1/20, காணி 1/80. இரண்டையும் கூட்டச் சொல்லுங்கள். 4/80 + 1/80 = 5/80, சுருக்கினால் 1/16. பெயர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்தார்களா என்று உங்கள் மகனே சோதித்துவிடலாம்.

பரீட்சையில் வருமா என்றால், தானாக வராது. இதை நான் உறுதியாகச் சொல்வேன். அடுப்படியில் புரிந்தது அடுப்படியிலேயே நின்றுவிடும். அள்ளி முடித்த கையோடு, என்ன செய்தாய் என்று அவன் வாயால் சொல்லட்டும். "ரெண்டு உழக்கும் ஒரு ஆழாக்கும் போட்டேன்." சொன்னதை அன்றைக்கே நோட்டில் எழுதட்டும்: 2/4 + 1/8 = 4/8 + 1/8 = 5/8. அடுத்து பாடப்புத்தகத்தில் அதே மாதிரி ஒரு கணக்கு. ஒன்றே ஒன்று போதும். எழுதாமல் விட்ட பிள்ளைகள் பரீட்சையில் "எங்க வீட்டுல செஞ்சோமே" என்று நினைத்துக்கொண்டே தவறாக எழுதிவிட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை 2022 முதல் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பள்ளியிலேயே செயல்பாடாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள், பிறகு நாலு, ஐந்துக்கும் வந்தது. அதனால் பிள்ளைகளுக்கு இது புதிதில்லை.

பேட்டை பலசரக்கு (ஞாயிறு, காலை)

டீச்சர் சொன்னது சரி. ஒரு சிறு எச்சரிக்கை. படி எல்லா ஊரிலும் ஒரே அளவு கிடையாது. கிராமத்து வீட்டுப் படியும் டவுனில் வாங்கிய படியும் ஒத்துவராது. ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் பிடித்து, உங்கள் வீட்டுப் படி எத்தனை மில்லி என்று பிள்ளையை அளக்கச் சொல்லுங்கள். வந்த எண்ணைப் படியின் அடியில் எழுதி ஒட்டிவிடுங்கள். அதுவே ஒரு பாடம்.

கடைக்கு வரும் பிள்ளைகளிடம் நான் ஒன்று பார்க்கிறேன். போன் வைத்துப் பணம் கட்ட ஆரம்பித்த பிறகு சில்லறைக் கணக்கு தெரியாமல் வளர்கிறார்கள். மாதத்தில் ஒருமுறையாவது கையில் ரொக்கமும் சீட்டும் கொடுத்து அனுப்புங்கள். பில் போடும் முன்னால் "மொத்தம் எவ்வளவு வரும், சுமாராச் சொல்லு" என்று நான் கேட்பேன். நெருங்கிச் சொல்லும் பிள்ளைக்கு ஒரு கடலைமிட்டாய்.

பத்தாம் வகுப்பு அப்பா (ஞாயிறு, மதியம்)

மன்னிக்கவும், மாற்றுக்கருத்து சொல்கிறேன். சின்ன வகுப்பில் இதெல்லாம் நன்றாகத்தான் இருக்கும். என் மகன் இப்போது பத்தாவது. காலை ஆறு மணிக்கு டியூஷன், மாலை திரும்ப ஒன்று. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். இருபடிச் சமன்பாட்டை எந்தச் சட்டியில் அளப்பது? வீட்டு வேலையில் பாடம் என்று சொல்லி எட்டாவது வரை ஓட்டிவிட்டு, ஒன்பதாவதில் அடித்தளமே இல்லாமல் தவித்த ஒரு பிள்ளை எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறது. பயிற்சிக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுத்தான் ஆக வேண்டும். அதற்கு மாற்று என்று யாரும் இதை நம்பிவிட வேண்டாம்.

சேரன்மாதேவி டீச்சர் (ஞாயிறு, மதியம்)

நீங்கள் சொல்வதில் எனக்கு வழக்கில்லை சார். பயிற்சிக்கு மாற்று கிடையாது. இருபடிச் சமன்பாட்டை வலிந்து சமையலறைக்குள் இழுத்தால் சமையலும் கெடும், கணக்கும் கெடும். எந்தப் பாடம் வீட்டில் இயல்பாக இருக்கிறதோ அதை மட்டும் எடுத்தால் போதும்.

மேலப்பாளையம் உம்மா (ஞாயிறு, மாலை)

நான் செய்த தவறைச் சொல்கிறேன், மற்றவர்களுக்கு உதவும்.

என் மகளுக்கு வட்டலப்பம் செய்வதில் ரொம்ப ஆசை. முட்டையை அடித்து, தேங்காய்ப்பால் ஊற்றி, ஆவியில் வைப்பதெல்லாம் அவளே செய்வாள். யாரோ சொன்னார்கள் என்று நானும் அதில் பாடத்தைப் புகுத்தினேன். பத்து முட்டைக்கு இவ்வளவு சீனி என்றால் பதினைந்துக்கு எவ்வளவு? ஆவியில் வைத்ததும் முட்டை ஏன் கட்டியாகிறது? திரும்பப் பழைய நிலைக்கு வருமா? இது இயற்பியல் மாற்றமா, வேதியியல் மாற்றமா? ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு கேள்வி. நாலு வாரம் போனது. ஐந்தாவது வாரம் "உம்மா, நீங்களே செய்யுங்க" என்று அறைக்குள் போய்விட்டாள். அவளுக்கு வீட்டில் இருந்த ஒரே சந்தோஷமான இடத்தை நான் பரீட்சை ஹாலாக்கிவிட்டேன்.

அப்புறம் ஒரு மாதம் வாயையே திறக்கவில்லை. அவள் திரும்பி வந்தாள். இருபது பேர் விருந்துக்கு வருகிறார்கள் என்றதும், "உம்மா, எல்லாத்தையும் ரெண்டரை மடங்கு போடணும்" என்று அவளே சொன்னாள், நான் கேட்கவில்லை. எட்டுப் பேருக்கான அளவு அவளுக்கு மனப்பாடம். அன்றைக்கு அந்தக் கணக்கு நிஜமாகத் தேவைப்பட்டது. தப்பாகப் போட்டால் பண்டம் பத்தாது. அந்தத் தேவைதான் அவளைக் கணக்குப் போட வைத்தது, என் கேள்விகள் இல்லை.

பாளைக்காரி (ஞாயிறு, இரவு)

அக்கா, நீங்கள் எழுதியதை என் வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். நாங்கள் அந்தத் தவறைத்தான் செய்யத் தொடங்கியிருந்தோம். நேற்று இட்லி சாப்பிடும்போதும் பின்னம் கேட்டோம்.

திசையன்விளை பனங்காடு (திங்கள், காலை)

பையன்களையும் அடுப்படிக்குள் விடுங்கள் என்று முதலில் சொல்லிக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் தேங்காய் துருவுவது மகன்தான்.

எங்கள் பக்கம் பனைதான் பள்ளிக்கூடம். பதநீர் இறக்கும் கலயத்தில் உள்பக்கம் சுண்ணாம்பு தடவுவோம். தடவாவிட்டால் விடியும் முன்னே புளித்துக் கள்ளாகிவிடும். ஏன் என்று என் மகள் ஏழாவது படிக்கும்போது கேட்டாள். புளிக்க வைப்பது நுண்ணுயிர், சுண்ணாம்பு காரத்தன்மை உள்ளது, அதில் அந்த நுண்ணுயிரால் சர்க்கரையைப் புளிக்க வைக்க முடிவதில்லை என்று அவள் ஆசிரியர் விளக்கினார். அமிலம், காரம் என்ற பாடம் அன்றைக்கு அவளுக்கு எங்கள் தோட்டத்துப் பாடமாகிவிட்டது.

வீட்டில் எளிதாகப் பார்க்க மஞ்சள் போதும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கிறதே, அதுதான் நிறங்காட்டி. மஞ்சள் தடவிய தாளில் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டால் சிவக்கும். எலுமிச்சைச் சாறு, புளித்தண்ணீர், மோர் விட்டால் மஞ்சளாகவே இருக்கும். சிவந்த இடத்தில் எலுமிச்சை பிழிந்தால் திரும்ப மஞ்சளாகும். என் மகள் வீட்டிலுள்ள ஒவ்வொரு திரவத்தையும் சொட்டு விட்டுப் பார்த்து ஒரு பட்டியலே போட்டாள்.

ஆனால் ஒன்று. சுண்ணாம்பைச் சின்னப் பிள்ளைகள் கையில் தனியாகக் கொடுக்காதீர்கள். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டு விடாமல் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சோப்புத் தண்ணீரை வைத்தே செய்யுங்கள், அதுவே போதும்.

அம்பை வயல் (திங்கள், இரவு)

நல்ல இழை. நான் விவசாயி, அதனால் எனக்குத் தெரிந்தது தண்ணீர்.

பேப்பரில் தினமும் அணை நீர்மட்டம் வரும். முழு மட்டம் பாபநாசத்துக்கு 143 அடி, சேர்வலாறுக்கு 156, மணிமுத்தாறுக்கு 118. கார் பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று எங்கள் வீட்டில் பெரியவர்கள் எல்லாரும் அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். ஆறாவது படிக்கும் என் பேத்தி கட்டம் போட்ட நோட்டில் தினமும் ஒரு புள்ளி வைக்க ஆரம்பித்தாள். மூன்று அணைக்கும் மூன்று நிறம். பத்து நாளில் கோடு மேலே ஏறுவது தெரிந்தது. நேற்றைக்கும் இன்றைக்கும் எத்தனை அடி வித்தியாசம், இதே வேகத்தில் ஏறினால் எத்தனை நாளில் நிறையும் என்று அவளே கேட்டாள். வரைபடம் என்பது பள்ளிக்கூடத்துக்கு மட்டும் இல்லை, நம் வயலுக்குத் தண்ணீர் வருமா என்று சொல்கிற படம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவள் சொன்ன நாளில் அணை நிறையவில்லை. ஏமாந்துபோனாள். என் மகன் ஒரு புனலையும் நேரான டம்ளரையும் எடுத்து வந்தான். புனலின் அடித்துளையை அடைத்து இரண்டிலும் ஒவ்வொரு கரண்டியாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னான். டம்ளரில் மட்டம் ஒரே சீராக ஏறியது. புனலில் முதலில் வேகமாக ஏறி, மேலே போகப் போகப் பைய ஏறியது. மலைக்கு நடுவில் இருக்கும் அணை புனல் மாதிரி, மேலே போகப் போக அகலம். அதனால் பாதி உயரம் என்றால் பாதித் தண்ணீர் இல்லை. இதை அவள் புரிந்துகொண்டதும் நோட்டில் பழைய கணக்கை அடிக்காமல், பக்கத்தில் "ஏன் தப்பு" என்று எழுதி வைத்திருக்கிறாள். அந்தப் பக்கம்தான் எனக்கு ரொம்பப் பிடித்த பக்கம்.

சதவீதத்துக்கு ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். பிசானப் பருவ நெல் விதைக்கும் முன்னால் நூறு நெல்லை எண்ணி ஈரத்துணியில் முடிந்து வைப்போம். 87 முளைத்தால் 87 சதவீதம். நூற்றுக்கு எத்தனை என்பதை இதைவிட நேராகக் காட்ட முடியாது.

பாளைக்காரி (செவ்வாய், மாலை)

அண்ணாச்சி, நீங்கள் எழுதியதைப் பார்த்துவிட்டு என் மகன் மழையை அளக்கப் போகிறேன் என்று ஒரு குளிர்பான பாட்டிலை வெட்டி மொட்டைமாடியில் வைத்திருக்கிறான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். அதிலிருந்து மழை என்றாலே பயந்துகொண்டிருந்தவன், இப்போது மழை எப்போது வரும் என்று கேட்கிறான்.

சேரன்மாதேவி டீச்சர் (செவ்வாய், இரவு)

ரொம்பச் சந்தோஷம். ஆனால் பாட்டிலின் அடிப்பக்கம் மேடுபள்ளமாக இருக்கும், அங்கே அளவு தப்பும். வாயும் அடியும் ஒரே அகலமுள்ள நேரான டப்பா வேண்டும். பாட்டில்தான் இருக்கிறது என்றால், நேரான பகுதி தொடங்கும் இடம் வரை கூழாங்கல் போட்டுத் தண்ணீர் ஊற்றி, அங்கே சுழியம் என்று கோடு போட்டு அதிலிருந்து அளக்கட்டும்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது ஒரு லிட்டர். இதை மட்டும் அவன் மனதில் வைத்தால் போதும். அந்த டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 950 லிட்டர். 60 சதுர மீட்டர் மாடியில் விழுந்தால் 57,000 லிட்டர், பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் லாரி கிட்டத்தட்ட ஐந்து. தெருவுக்கு அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே விளங்கும். பயந்த பிள்ளைக்குக் காரணம் தெரிவது நல்லது.

டவுண் சித்தப்பா (புதன், காலை)

வரலாறு பற்றி யாரும் எழுதவில்லையே. லீவுக்கு அண்ணன் பிள்ளைகள் வந்தபோது ஆச்சியின் பழைய சேலையை வீட்டுக் கூடத்தில் விரித்தோம். ஐந்தரை மீட்டர். ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து வருஷம். முந்தானை முனைதான் இன்றைக்கு. நாடு விடுதலை அடைந்தது எட்டு சென்டிமீட்டர்கூட இல்லை, ஆச்சி பிறந்த வருஷம் அதற்குப் பக்கத்திலேயே. தினமும் நாங்கள் கடக்கிற சுலோசன முதலியார் பாலம் 1843, சுமார் 18 சென்டிமீட்டர். சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் அறிவித்தார்களே, அதற்கு நாங்கள் மூன்று மீட்டர் தாண்டி நடக்க வேண்டியிருந்தது. கி.மு.வுக்குக் கழிக்காமல் கூட்ட வேண்டும் என்று பெரியவன் தானே கண்டுபிடித்தான். அடுத்த வாரம் திருச்செந்தூர் பஸ் ஏறி ஆதிச்சநல்லூர் போனோம். தாழிகளைப் பார்த்ததும் சின்னவள், "நம்ம சேலையில இது எங்க வரும்?" என்று கேட்டாள்.

முக்கூடல் அம்மா (புதன், இரவு)

நான் எட்டாவதோடு நின்றவள். பீடி சுற்றுகிறேன். இங்கே எழுதலாமா என்று யோசித்தேன், ஆனால் ஒரு சந்தேகம் இருக்கிறது.

இலை, தூள் பக்கம் என் மகளை நான் விடுவதில்லை. அவள் கை அதில் படக்கூடாது என்பதற்குத்தான் இந்தப் பாடு எல்லாம். ஆனால் கணக்கு நோட்டை அவளிடம் கொடுப்பேன். ஒரு கட்டுக்கு 25 பீடி. 36 கட்டு கொடுத்தால் 900, 40 கட்டு ஆயிரம். 25ஆம் வாய்ப்பாடு அவளுக்குத் தண்ணீர் பட்டபாடு. போன மாதம் கடையில் இரண்டு கட்டு குறைத்து எழுதியிருந்ததை அவள்தான் பார்த்துச் சொன்னாள். மறுநாள் போய்க் காட்டியதும் திருத்திக் கொடுத்தார்கள்.

என் சந்தேகம் இதுதான். நோட்டில் ஒருநாள் இலை 1.5 கிலோ என்றும், மறுநாள் 1.250 கிலோ என்றும் இருந்தது. எது அதிகம் என்று கேட்டேன். 1.250 என்கிறாள். 5ஐவிட 250 பெரியது என்கிறாள். தப்பு என்று எனக்குத் தெரிகிறது, எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. யாராவது சொல்லுங்கள்.

பேட்டை பலசரக்கு (புதன், இரவு)

தங்கச்சி, தாராளமாக எழுதுங்கள். மேலே பாளைக்காரம்மா மகன் சொன்னதும் இதே தப்புதான், எட்டு பெரிதென்று. புள்ளிக்குப் பின்னால் வருவதை உங்கள் மகள் முழு எண்ணாக வாசிக்கிறாள்.

கடைத் தராசில் ஒன்றரைக் கிலோ வைத்தால் 1.500 என்று காட்டும். புள்ளிக்குப் பிறகு எப்போதும் மூன்று இடம், அது கிராம். 1.5 என்பது 1.500தான், எழுதுகிறவர் இரண்டு சுழியத்தை விட்டுவிட்டார். அவளையே அந்தச் சுழியங்களைப் போட்டு எழுதச் சொல்லுங்கள். 1.500, 1.250 இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் புள்ளி நேராக வரும்படி எழுதினால் அவளுக்கே தெரியும். அல்லது பக்கத்துக் கடையில் சீனியோ பருப்போ நிறுக்கும்போது தராசைப் பார்க்கச் சொல்லுங்கள். அரைக் கிலோவுக்கு என்ன காட்டுகிறது, கால் கிலோவுக்கு என்ன காட்டுகிறது என்று கேளுங்கள்.

சேரன்மாதேவி டீச்சர் (வியாழன், காலை)

அண்ணாச்சி சொன்னதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது. பள்ளியில் பத்தில் ஒன்று, நூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று என்று இட மதிப்பு வரும்போது, தராசில் பார்த்ததை அந்தப் பெயரோடு சேர்த்துச் சொல்லட்டும்.

பத்தாம் வகுப்பு அப்பா (வியாழன், இரவு)

நான் சொன்ன கருத்தில் மாற்றம் இல்லை. ஆனால் மின்னியல் பாடம் மட்டும் வீட்டில் ஒத்துவந்தது என்று பதிவு செய்கிறேன். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். எங்கள் ஹாலில் 75 வாட் மின்விசிறி, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம். நாளுக்கு 0.9 யூனிட், இரண்டு மாதக் கணக்கில் 54. இதையே 30 வாட் விசிறியாக மாற்றினால் 21.6 யூனிட்தான் என்று மகன் கணக்குப் போட்டுத் தந்தான். வீட்டுக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டையும் கழித்துப் பார்த்து, எத்தனை மாதத்தில் விசிறியின் விலை திரும்பும் என்று அவனே எழுதியிருக்கிறான். அடுத்த மாதம் ஒன்று வாங்குகிறோம்.

முக்கூடல் அம்மா (வெள்ளி, இரவு)

அண்ணாச்சி, சாயங்காலம் கடைக்குக் கூட்டிப் போனேன். கால் கிலோ துவரம்பருப்பு கேட்டோம். தராசில் 0.250 என்று வந்தது. கடைக்காரரிடம் அவளே கேட்டு, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி 0.500 வந்ததைப் பார்த்தாள். பிறகு அந்தப் பாதியை எடுத்துவிடச் சொன்னாள், எங்களுக்குக் கால் கிலோதான் வேண்டியிருந்தது. அவரும் முகம் சுளிக்காமல் செய்தார்.

வீட்டுக்கு வந்து பழைய நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டி, 1.5 என்று இருந்த இடத்தில் எல்லாம் பென்சிலால் இரண்டு சுழியம் போட்டிருக்கிறாள். பின்பக்கத்தில் "1.500 > 1.250, அம்மா சொன்னது சரி" என்று எழுதியிருக்கிறாள். ஒரு இடத்தில் 1.05 என்று இருக்கிறது. அதற்கு எங்கே சுழியம் போடுவது என்று கேட்கிறாள். பின்னால் ஒன்று போட்டால் 1.050, அதுதானே டீச்சர்?